‘ஆம்’ போட்டுச் செய்தி சொன்னவர்

வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வானொலிக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: “ரஞ்சினி காலமானாராம்.” அந்தக் கடைசி ‘ஆம்’ என்னை இருக்கவிடவில்லை. இப்படி ஒரு செய்தி வந்தால் ரஞ்சினி கேட்கும் முதல் கேள்வி, “ஆர் சொன்னது? நேரிலை பாத்தவையோ?” என்பதுதான். அடுப்பை அணைத்துவிட்டு அவர் மகளை அழைத்தேன். இங்கே டென்மார்க்கிலேயே பிறந்த பெண். டேனிஷில் ஏதோ சொல்லி அழுதாள், பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: “ஓம் அங்கிள். அம்மா செத்துப்போனா. ஹார்ட் அட்டாக்.”

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரஞ்சினி யாழ்ப்பாணத்தில் பிறந்து அகதியாக டென்மார்க் வந்தவர். ஒடென்சே நகரில் முதியோர் இல்லமொன்றில் வேலை. ஞாயிறு மாலைகளில் எங்கள் இணைய வானொலியில் ஒரு மணி நேரம் அமெரிக்க அரசியல் பேசுவார். நான் சென்னையிலிருந்து மென்பொருள் வேலைக்கு வந்தவன். ஒலிப்பதிவு என் பொறுப்பு. முதல் நாள், “மேடம், இப்படி உக்காருங்க” என்றேன். “மேடம் எண்டு கூப்பிட்டால் எழும்பிப் போயிடுவன் அண்ணை” என்றார். கூப்பிடாவிட்டாலும் எழும்பிப் போகிறவர்தான் அவர். மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு வயர் எட்டுகிற தூரம் வரை நடந்துகொண்டே பேசுவார். நான் பின்னால் வயரைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

அமெரிக்கா இங்கே யாருக்கு வேண்டும் என்று முதலில் நானும் அலுத்துக்கொண்டேன். டென்மார்க்கின் கிரீன்லாந்தை அமெரிக்கா கேட்கிற பேச்சு எழுந்தபின் அப்படிக் கேட்க ஆளில்லை. நமக்கு ஓட்டே இல்லாத தேர்தலுக்காக எங்கள் நேயர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். சம்பந்திகள் பேச்சை நிறுத்தினார்கள். ரஞ்சினி இரண்டு பக்கத்துத் தொலைக்காட்சிகளையும் பார்ப்பார். நாடாளுமன்ற விசாரணை நடந்தால் அதையும் முழுதாகப் பார்ப்பார். தானே பார்த்ததைச் ‘சொன்னார்’ என்பார். பிறர் வழியாக வந்ததைச் ‘சொன்னாராம்’ என்பார். ஒருமுறை நேயர் ஒருவர் தொலைபேசியில், “நீங்கள் எந்தப் பக்கம் எண்டு முதல் சொல்லுங்கோ” என்று அதட்டினார். “நான் ஒடென்சே பக்கம் அண்ணை. பஸ்ஸுக்கு நேரமாகுது, கேள்வியைக் கேளுங்கோ” என்றார் ரஞ்சினி.

ஆனால் அவருக்கும் ஒரு பக்கம் இருந்தது. அதுதான் ஒரு ஞாயிறு அவரை மாட்டிவிட்டது. தனக்குப் பிடிக்காத கட்சியின் உயர் அதிகாரி ஒருவர் விசாரணைக்கு முன் ஆவணங்களை அழித்தார் என்று சொல்லிவிட்டார். ‘அழித்தாராம்’ இல்லை, ‘அழித்தார்’. பாராட்டு குவிந்தது. அடுத்த சில நாட்களில் விசாரணையை முழுதாகப் பார்த்தபோதுதான், அந்த ஆவணங்கள் அப்படியே இருப்பது அவருக்குத் தெரிந்தது.

“திருத்தினால் ஆக்கள் போயிடுவினம், உங்கடை நேரமும் போயிடும். பேசாமல் விடுங்கோ” என்றார் குழுத் தலைவர்.

ரஞ்சினி அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். “அங்கை இருக்கிறவை பதில் சொல்லோணும் எண்டு கிழமைக்குக் கிழமை கத்துறன். என்ரை பிழைக்கு ஆர் பதில் சொல்லுறது? அவையோ?”

அடுத்த ஞாயிறு, வணக்கம்கூடச் சொல்லாமல் தொடங்கினார்: “போன கிழமை நான் ‘அழித்தார்’ என்று சொன்னது பிழை. அவர் அழிக்கவில்லை.” சாக்குப்போக்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு பக்கம் அவரைக் கேலி செய்தது, மறுபக்கம் திட்டியது. அவருடைய மாலை நேரம் சினிமாப் பாட்டுக்குப் போனது. அவருக்குக் கிடைத்தது ஞாயிறு காலை, பாதிப் பேர் தேவாலயத்திலும் மீதிப் பேர் போர்வைக்குள்ளும் இருக்கிற நேரம். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அவரோ, “கேக்கிற ஆக்கள் குறைஞ்சால் திட்டுற ஆக்களும் குறைவுதானே” என்று சிரித்துவிட்டு நடக்கத் தொடங்கினார்.

சனிக்கிழமை மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். அவர் அசையாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான். அதைத் தாங்க முடியாமல் வெளியே வந்து நடந்துகொண்டே இருந்தேன்.

ஞாயிறு காலை அவருடைய நேரத்தில் மைக்கின் முன் நான் இருந்தேன். வயர் காலடியில் சுருண்டு கிடந்தது. சொல்ல வேண்டியது ஒரே வரி. அதன் முடிவில் ஒரு ‘ஆம்’ சேர்க்க வாய் துடித்தது. சேர்த்துவிட்டால் யாராவது அழைத்து, அது பொய் என்று சொல்லக்கூடும் அல்லவா. ஆனால் நேரில் பார்த்தவன் நான்.

“ரஞ்சினி காலமானார்” என்றேன்.

போய் வாருங்கள், ரஞ்சினி. இதற்கு ஒரு திருத்தம் வந்தால் முதல் வரியிலேயே வாசிக்கிறேன்.