மாலைக் கணக்கு

நேற்று ஜனக்புரி வீட்டில் எல்லோருமாகப் படம் பார்த்தோம். எல்லோரும் என்றால் ஐந்து பேர்: மகன், மருமகள், பேத்திகள் இருவர், நான். சிறைக்குப் போகும் மனநல ஆலோசகர் ஒருவர் கைதிகளின் மனத்தை மாற்றுகிற, சிரிப்பும் கண்ணீரும் கலந்த படம். ஆலோசகரின் அறையில் கம்பளம் விரித்திருந்தது. கைதிகளின் சட்டையில் இஸ்திரி மடிப்பு. ஏழு குறைகள் வரை வாய்விட்டுச் சொன்னேன். எட்டாவதற்கு மருமகள் ஒலியைக் கூட்டிவிட்டாள்.

ஒரு காட்சியில் கைதிகளை உட்காரவைத்துத் தலை எண்ணுகிறார்கள். ஒருவன் குனிந்தபடியே இடம் மாறி இரண்டு தடவை எண்ணப்படுகிறான். வார்டர் விழிக்கிறார். வீடே சிரித்தது.

"தாத்தா, ஜெயில்ல சச்மே இப்படித்தான் ஃபன்னா இருக்குமா?" என்றாள் சின்னப் பேத்தி. நிஜமாகவா என்கிறாள்.

மருமகள் படம் பார்த்தபடி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியது.

அந்த ஆலோசகர் வேலையில் நானும் இருந்தேன். டெல்லியில் ஒரு சிறையில் இருபத்தாறு வருடம். என் அறையில் ஓர் இரும்பு அலமாரி, இரண்டு நாற்காலிகள். கால் குட்டையானதில் நான் உட்காருவேன். அது முன்னும் பின்னும் ஆடும். எதைச் சொன்னாலும் நான் தலையாட்டி ஒத்துக்கொள்வதாகக் கைதிகள் நினைத்தார்கள். அதனால்தான் நல்ல பெயர் கிடைத்தது என்று இன்றும் எனக்குச் சந்தேகம். 'பாகல் டாக்டர்' என்பார்கள். பைத்தியத்துக்கு டாக்டர் என்று ஒரு பாதிப் பேரும், டாக்டரே பைத்தியம் என்று மறுபாதியும் எடுத்துக்கொண்டார்கள். மைக்கறைப் படங்களைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டால், பத்தில் ஆறு பேருக்கு ரொட்டி தெரியும்.

தலை எண்ணுவதற்கு அங்கே கின்தி என்று பெயர். காலையில் திறக்கும்போது ஒன்று, மாலையில் பூட்டும்போது ஒன்று. இரண்டிரண்டு பேராக, ஜோடி ஜோடியாகக் குந்தவேண்டும். ஒரு தலை குறைந்தாலும் சாப்பாடு நிற்கும், எல்லாம் நிற்கும். கிடைக்கிறவரை தேடுவார்கள்.

ஏழுமலை எனக்கு அங்கேதான் பழக்கம். விழுப்புரம் பக்கத்துக் குடும்பம். டெல்லிக்குக் கூலி வேலைக்கு வந்து குடிசைப் பகுதியில் தங்கியவர்கள். தண்ணீர் லாரி வரிசையில் தகராறு. இவன் தள்ளியதில் ஒருவன் நடைபாதைக் கல்லில் தலை மோதி இறந்துபோனான். பதினொரு வருடம் கழித்து விடுதலையானபோது குடிசைகளை இடித்திருந்தார்கள். அவனைத் தெரிந்தவர் யாரும் அங்கே மிஞ்சவில்லை. ஒரு தாபாவில் பாத்திரம் கழுவும் வேலையும் படுக்க இடமும் கிடைத்தன.

ஒரு ஜனவரி மாலை, கிட்வாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸ் படிக்கட்டின் கீழே பனிமூட்டத்தில் வந்து நின்றான்.

"என்னப்பா, உடம்புக்கு ஏதாவதா?"

"ஒன்னியுமில்ல சார். ஒரு தபா எண்ணிட்டீங்கன்னா போய்டுவன்."

"எதை எண்ணணும்?"

"என்னத்தான் சார்."

கடைசிப் படியில் குந்தி, கைகளை முழங்காலில் வைத்துத் தலையைக் குனிந்துகொண்டான். படிப்பு முழுவதும் மறந்துபோய், ஒன்று என்பதை வார்டர் மாதிரி இந்தியில் "ஏக்" என்றேன். அவன் எழுந்திருக்கவில்லை.

"ஜோடி வேணும் சார். ஒத்தையா இருந்தா கணக்கு நிக்காது."

என் மனைவி பட்டாணித் தட்டோடு வெளியே வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ம், எண்ணுங்க. எனக்கு அடுப்புல வேலை கெடக்கு."

இருவரையும் சேர்த்து "தோ" என்றேன். அவன் மூச்சை விட்டான். டீ கொடுத்தாலும் வேண்டாம் என்று போய்விட்டான்.

மறுநாளும் வந்தான். அப்புறம் தினமும். இந்தப் பழக்கத்தை மெல்லக் குறைக்கவேண்டும் என்று நான் படித்த புத்தகங்களில் இருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் வரச் சொன்னேன்.

"வெளில எண்ண ஆளில்லன்னா திரும்ப உள்ளயே போய்டுவன் சார். அங்க நான் இல்லன்னா தேடுவாங்க. இங்க யாரு தேடுவா?" என்றான்.

"மருந்தா குடுக்கறீங்க, வேளையைக் குறைக்க? எண்ணி அனுப்புங்க" என்றாள் மனைவி.

இப்படியே நான்கு குளிர்காலம் அவனை வெளியே வைத்திருந்தோம். பட்டாணி இல்லாத நாளில் அவள் கீரை ஆய்வாள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நாங்கள் மூவருமே பாகல்.

ஐந்தாவது குளிர்காலத்தில் அவளுக்கு நிமோனியா. எட்டே நாள். காரியமெல்லாம் முடிந்த மாலை ஏழுமலை வந்தான். பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டுக் குந்தினான். எனக்கு வேறு வழி தெரியவில்லை. இறங்கிப்போய் அங்கே உட்கார்ந்தேன்.

அவன் கேட்டான், "நாம ரெண்டு பேரும் ஒக்காந்துட்டா எண்றது யாரு சார்?"

கேலியாகக் கேட்கவில்லை. பால்காரன் எங்களைத் தாண்டி மேலே போனான், திரும்பி வந்தான். ஏழுமலை எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனான்.

அந்த வாரமே தாபாவின் கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய்ப் போலீஸ் பூத் எதிரில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டானாம். போலீஸ்காரர்கள் முதலில் விரட்டியிருக்கிறார்கள். சிலிண்டர் திருட்டு என்று அவனே விளக்கித்தான் மறுபடி உள்ளே போகவேண்டியிருந்தது. படத்தில் வைத்திருந்தால் நேற்று வீடு இன்னொரு தடவை சிரித்திருக்கும்.

நான் ஓய்வு பெற்று மகன் வீட்டுக்கு வந்த பிறகு, பழைய சகா ஒருவர் போன் செய்தார். முந்தின நாள் மாலைக் கின்தியில் ஒரு தலை குறைந்ததாம். எல்லோரையும் உட்காரவைத்துவிட்டு, விளக்கு போட்டுத் தேடியிருக்கிறார்கள். சமையல்கூடத்துக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில், ஏழுமலை குந்திய வாக்கில் சாய்ந்து கிடந்தானாம். மாரடைப்பு. அவன் சொன்னது சரிதான், தேடினார்கள்.

போன மாதம் கிட்வாய் நகர் போனேன். எங்கள் குவார்ட்டர்ஸை எப்போதோ இடித்துவிட்டார்கள். அங்கே எழுந்திருக்கும் கட்டடத்தில் பதினான்கு மாடி வரை எண்ணினேன், கழுத்து வலித்தது. படிக்கட்டு இருந்த இடம் என்று நான் நினைத்த இடத்தில் கார்கள் நிலவறைக்கு இறங்கும் சரிவு. வாசலில் காவலாளி மறித்தான்.

"கித்னே லோக், அங்கிள்?"

எத்தனை பேர் என்கிறான். திரும்பிப் பார்த்துவிட்டு, "ஏக்" என்றேன்.