பாண்டியம்மா அக்காவின் மாத்திரைகள்

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். "செத்தது காய்ச்சல்லன்னு போட்டுரு பாப்பா" என்று சில அக்காமார் சொன்னார்கள். பாண்டியம்மா அக்காவை அறிந்த நீங்கள் மட்டும் இந்தச் சங்க அறையில் வாசிக்கப்போவதால் அப்படிப் போடவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் பள்ளிக்குக் கிளம்பும்போது பரளச்சியிலிருந்து போன் வந்தது. அம்மா "எப்ப?" என்று மட்டும் கேட்டார். பாண்டியம்மா அக்கா இறந்துவிட்டார்.

பாலியல் தொழில் செய்யும் பெண்களுக்கு ஆணுறை கொடுத்து, எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அழைத்துப்போவது சங்கத்தில் அம்மாவின் வேலை. அந்தத் தொழிலில் இருந்துகொண்டே அம்மாவுக்குத் துணையாக நின்றவர் அக்கா. புதிதாக வரும் பெண்களிடம், "உறை இல்லைன்னா போய்ட்டு வாங்க அண்ணாச்சின்னு சொல்லிப் பழகுடி. மொத நாளுதான் வாய் கூசும்" என்பார். வாடிக்கையாளர் யாராலும் அவரிடம் அதை மீற முடிந்ததில்லை.

சேகரிடம் மட்டும் அவருக்கு வாய் வரவில்லை. சேகர் அவரோடு குடித்தனம் நடத்திய லோடு வண்டி டிரைவர். உறை என்று எடுத்தாலே, "நானும் அவனுகளும் ஒண்ணா?" என்று அடிப்பார். எச்.ஐ.வி. தொற்று சேகரிடமிருந்துதான் தனக்கு வந்தது என்று அக்கா சொன்னதைக் கேட்டிருக்கிறேன். சேகர் பரிசோதனைக்கு வந்ததே இல்லை.

தன் வீட்டில் வைக்கப் பயந்து மாத்திரை டப்பாவை அக்கா எங்கள் வீட்டில் வைத்திருந்தார். தினமும் வந்து போட்டுக்கொண்டு, என் புத்தகத்தைப் புரட்டுவார். "என்ன வாத்தியாரம்மா, நம்ம சீக்கெல்லாம் இதுல வருதா?"

"உயிரியல்ல வருதுக்கா."

"எல்லாம் வரும். சேகரு வரமாட்டான்" என்று சிரிப்பார்.

ஒருமுறை இரண்டு நாள் அவர் வரவில்லை. அம்மாவும் ஊரில் இல்லை. ஒரு வேளைகூட விடக்கூடாது என்று படித்திருந்ததால் டப்பாவை நானே அக்கா வீட்டுக்கு எடுத்துப்போனேன். வாசலில் சேகர் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"என்னத்தா அது கையில?"

அன்பாகத்தான் கேட்டார். நான் சொன்னேன். இது எச்.ஐ.வி. கிருமியை அடக்கும், ஒழுங்காகப் போட்டால் நெடுநாள் வாழலாம், நீங்களும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று துண்டுப் பிரசுரத்தில் இருந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். புரிந்தால் அடிக்கமாட்டார் என்று நினைத்தேன். "நல்லாப் படிக்கிற பிள்ள" என்று டப்பாவை வாங்கிக்கொண்டார்.

அந்த வாரமே அக்காவைப் பரளச்சிக்குக் கூட்டிப்போய்விட்டார். ஆஸ்பத்திரிக்கும் சங்கத்துக்கும் போகக்கூடாது என்றார். மாத்திரை நின்றது. பிறகு காசநோய் வந்தது.

சேகர் லோடு ஏற்றப் போயிருந்த ஒரு மத்தியானம் அம்மாவும் நானும் போனோம். அக்கா பாயில் கிடந்தார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"நாந்தான்க்கா சொல்லிட்டேன்" என்றேன்.

"தெரியும்டி. அதச் சொல்லிச் சொல்லித்தான் அடிச்சான்."

பரவாயில்லை என்பார் எனக் காத்திருந்தேன். சொல்லவில்லை. ஆட்டோ நிற்கிறது, ஆஸ்பத்திரிக்கு வா என்று அம்மா கெஞ்சினார்.

"என்னக் காணோம்னா ஒங்க வாசல்லதான் வந்து நிப்பான். வயசுப்பிள்ள இருக்குற வீடு. போங்கக்கா" என்று கையால் வாசலைக் காட்டினார்.

காரியம் முடிவதற்குள் சேகரின் வண்டியில் எம்.ரெட்டியபட்டிப் பெண் ஒருவரைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அம்மா அந்தப் பெண்ணைத் தேடிப்போய், சேகரின் அடியையும் தொற்றையும் பற்றிச் சொன்னார். "எங்கிட்ட அவுக அப்படி இல்லக்கா" என்றாராம்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது மன்னிப்பு இல்லை. அவர் அதைத் தரவில்லை. எழ முடியாமல் கிடந்து, எங்களைப் போகச் சொல்லி வாசலைக் காட்டிய அந்தக் கைதான் இருக்கிறது.

இதை எழுதி முடிக்கும்போது அம்மா சங்க அறையின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருக்கிறார்.