தோளா, தலையா

எங்கள் வீட்டில் துணி துவைக்கும் மெஷின்கள் இதுவரை மூன்று உயிரை விட்டிருக்கின்றன. மூன்றையும் கொன்றது கெல்தார்ப் மைதானத்துச் சேறு. இப்போதிருப்பதும் இருமிக்கொண்டுதான் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் ஒரு அணி முழுவதற்குமான சட்டை, நிஜார், காலுறை எல்லாம் ஒரு பெரிய பையில் வந்து என் அடுப்படியில் உட்கார்ந்துவிடும். "லொரெய்ன், கண்ணு, இத மட்டும் போட்டு எடுத்துடேன்" என்பார் என் வீட்டுக்காரர். இத மட்டுமாம்! கல்யாணமான நாளிலிருந்து இந்த 'இத மட்டும்' கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

அவர் பெயர் நெவில் வுமர்ஸ்லி. ஊருக்கு நெவ். பகலில் குப்பை லாரி ஓட்டினார், சாயங்காலமும் வார விடுமுறையும் ஊர்ப் பையன்களுக்குப் பந்தைக் கையில் ஏந்தி மோதிக்கொண்டு ஓடுகிற ரக்பி லீக் ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். சம்பளம் கிடையாது, நன்றி கிடையாது. தோற்றால் திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். அந்தக் காலத்தில் இவரும் பெரிய ஆட்டக்காரர்தான். முன்வரிசையில் நின்று மோதுவதே வேலை. மூக்கு இரண்டு பக்கமும் வளைந்து கடைசியில் நடுவிலேயே வந்து நின்றுவிட்டது. தலையில் அடிபட்டு விழுந்தால் ஈரப் பஞ்சை முகத்தில் அப்பி, "இது எத்தன விரல்?" என்பார்கள். எத்தனை காட்டினாலும் "ரெண்டு" என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடுவார்கள். இவரும் எத்தனையோ தடவை ரெண்டு சொன்னவர்தான்.

அந்த ரெண்டுக்கெல்லாம் போன குளிர்காலத்தில் பதில் வந்தது. தேநீரில் சர்க்கரையைப் போட்டுவிட்டு மறுபடியும் போட்டார். எங்கள் தெருவுக்குள் திரும்பாமல் நேரே போய், பக்கத்து ஊரில் லாரியை நிறுத்திவிட்டு என்னைப் போனில் கூப்பிட்டு அழுதார். ஆஸ்பத்திரியில் தலைக்குள் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, அந்த இளம் டாக்டரம்மா, விளையாட்டில் வாங்கிய அடிகள்தான், இனி மறதி மெல்ல மெல்லக் கூடும் என்றார். காரில் வரும்போது இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கிளப்புக்கு மட்டும் சொல்லிடாத லொரெய்ன். சொன்னா பசங்கள என்கிட்ட விடமாட்டாங்க."

நான் சொல்லவில்லை. முழங்கால் வலி, அதனால்தான் லாரியை விட்டார், அதனால்தான் நான் கார் ஓட்டுகிறேன் என்று ஊரெல்லாம் கூசாமல் புளுகினேன். பையன்களின் பெயர் வாயில் வராததால் எல்லோரையும் "ராசா" என்று கூப்பிட ஆரம்பித்தார். "நெவ்வுக்கு வயசாக வயசாகப் பாசம் பொங்குது பாரு" என்று அம்மாக்கள் உருகினார்கள். நான் மைதானத்து ஓரத்தில் நடத்துகிற தேநீர்க் கடையின் ஜன்னலுக்குள் நின்று கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்ய?

ரீஸ் விஷயத்துக்கு வருகிறேன். ரீஸ் ஹெப்வர்த், பதினாறு வயசு, கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு, ஆனால் ஓடினால் முயல். இந்த மாதிரிப் பையன் ஊருக்கு எப்போதாவதுதான் கிடைப்பான். கிடைத்தால் ஊரே சேர்ந்து அவனைக் கெடுக்கும். பெரியவர்கள் அணியில் ஆள் குறைந்தால் உடனே என் ஜன்னலுக்கு வருவார்கள். "ரீஸ ஒரு ஆட்டத்துக்கு மட்டும் தரச் சொல்லேன் லொரெய்ன்." இவர் அசையவே மாட்டார். "தாடி வச்ச ஆம்பளைங்களோட மோத அவனுக்கு எலும்பு இன்னும் முத்தல. போய்யா, ஆள் இல்லன்னா நீயே பூட்ஸ மாட்டிட்டு எறங்கு."

அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. பயிற்சி முடிந்ததும் அடையாளத்துக்கு வைத்த கூம்புகளைப் பொறுக்குவது அவன்தான். ஒரு ஆட்டத்தில் மூன்று முறை கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தவனை அப்படியே வெளியே கூப்பிட்டு உட்கார வைத்தார். அன்றைக்கெல்லாம் பந்தே தொடாத ஓர் ஒல்லிப்பிச்சானை உள்ளே அனுப்பினார். நடுவரிடம் வாய் கொடுத்த அன்று பக்கத்தில் நிறுத்தி, "அவரு விசிலுக்கு ஒனக்குக் காது, என் பேச்சுக்கு ஒனக்குக் காது, வாய் சாப்பிட மட்டுந்தான்" என்றார். எவ்வளவு பிரமாதமாக ஆடினாலும் அவர் சொல்வது "பரவால்ல", அவ்வளவுதான். அந்தப் 'பரவால்ல'வுக்காகப் பையன் உயிரை விடுவான்.

அவன் அப்பா டீனுக்கு இதெல்லாம் வயிற்றெரிச்சல். டீனும் சின்ன வயசில் இவரிடம் ஆடியவன்தான். கிடங்கில் இரவு வேலை பார்க்கிறான், மகனாவது இதிலிருந்து தப்பட்டும் என்று கிடந்து தவிக்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பிறகு ஒருநாள் மைதானத்தில் அவன் மேல் எனக்கு வந்த கோபம் வேறு.

பிப்ரவரியில் நகரத்துப் பெரிய கிளப்பிலிருந்து ஒருவர் வந்து ரீஸைப் பார்த்துவிட்டுப் போனார். அவர்களுடைய இளைஞர் அணியில் ஒரே ஒரு இடம் பாக்கி இருக்கிறது, வருகிற புதன்கிழமை அழைத்து வாருங்கள், ஆட விட்டுப் பார்க்கிறோம் என்றார். கிடைத்தால் சம்பளம், படிப்பு, வாழ்க்கை எல்லாமே மாறிவிடும். அந்தப் புதன்கிழமைக்கு முந்தின ஞாயிறுதான் எங்கள் பையன்களுக்குக் கோப்பையின் அரையிறுதி ஆட்டம்.

"ஞாயித்துக்கெழம நீ ஒக்காந்துக்கோ ராசா" என்றார் இவர்.

"நெவ், ப்ளீஸ். அரையிறுதி! பசங்கள விட்டுட்டு நான் எப்படி ஒக்காருவேன்? எல்லாரும் என் மேல துப்புவாங்க."

"துப்பட்டும். தொடச்சுக்கோ."

பையன் விடவில்லை. சனிக்கிழமை வீட்டுக்கே வந்து நின்றான். கெஞ்சினான். இவர் சோர்ந்துபோய்த் தலையை ஆட்டிவிட்டார். நாள் பூராவும் மறதியோடு மல்லுக்கட்டுகிற மனுஷனுக்குச் சாயங்காலத்தில் இல்லை என்று சொல்லவும் தெம்பு இருப்பதில்லை.

ஞாயிறு காலை மழை. காற்று வேறு. என் ஜன்னலில் தேநீரும் சூடான மாட்டிறைச்சிச் சாறும் வாங்கக் கூட்டம். முதல் பாதியில் சமமாகவே போயிற்று. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ரீஸ் பந்தை வாங்கினான். பாதி மைதானத்திலிருந்து, மூன்று பேரை மேலே தொங்கவிட்டுக்கொண்டே ஓடி, கடைசியில் ஒற்றைக் கையால் மூலைக் கொடிக்குப் பக்கத்தில் கோட்டைத் தாண்டிப் பந்தை அழுத்தினான். ட்ரை! நாலு புள்ளி! எவனோ கத்திய கத்தலில் என் கையில் இருந்த மாட்டுச்சாறு பூரா என் மேலேயே. இவர் கோட்டோரமாக நின்று, "பரவால்ல" என்றார்.

இரண்டாம் பாதியில்தான் அது நடந்தது. ஓடி வந்த எதிரணிப் பையன் ஒருவனை மடக்கக் குனிந்தபோது, அவன் முழங்கால் ரீஸின் காதோரத்தில் இடித்தது. ரீஸ் எழுந்துவிட்டான். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த ஓட்டத்தில் அவனே பந்தோடு விழுந்தான். விழுந்தவன் எழுந்து, எதிரணியைப் பார்த்து நின்று, பந்தைக் காலால் பின்னால் உருட்டித் தன் ஆளிடம் தரவேண்டும். எங்கள் ஊரில் நாலு வயசுக் குழந்தைக்கும் இது தெரியும். ரீஸ் எழுந்தான், நம் பையன்களைப் பார்த்து நின்றான், பந்தை அழகாக உருட்டி எதிரணிக்கே கொடுத்தான்.

மைதானமே சிரித்தது. "அந்தப் பக்கம்டா மடையா!" என்று டீனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிக்காதவர் இவர் ஒருவர்தான். ஆட்டம் நிற்பதற்கு முன்பே உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

நானும் தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். நடுவர் வந்தார். வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்டார்.

"என்ன நெவ், தோளா, தலையா?"

இந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் ஒரே பதில்தான் உண்டு. தோள். தோள் என்றால் பையன் ஓரமாகப் போய் உட்காருவான், அடுத்த ஆட்டத்தில் ஆடுவான். தலை என்றால் நடுவர் எழுதிக்கொடுத்தாக வேண்டும், மூன்று வாரத்துக்கு எந்த மைதானத்திலும் கால் வைக்கக்கூடாது. அதனால் எல்லோருக்கும் தோள்தான் வலிக்கும். இன்றைக்கு என்ன கிழமை என்று தெரியாத பையன்களுக்கெல்லாம் தோள் என்று சொல்லி நான் என் காதால் கேட்டிருக்கிறேன். நடுவர்களும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

"தோள்தான் நெவ்" என்றான் ரீஸ். கண் எங்கேயோ பார்த்தது. "தோள்தான். தோள்தான்."

கோட்டுக்கு அப்பாலிருந்து டீன் அலறினான். "தோள்! தோள்னு சொல்லு நெவ்! புதன்கெழம இருக்கு!"

இவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. இப்போதெல்லாம் வார்த்தைகள் அவரை விட்டுவிட்டு நழுவிப் போகின்றன. வார்த்தைதான் மறந்துவிட்டதோ என்று எனக்குப் பகீரென்றது. எடுத்துக் கொடுக்கலாமென்றால் எதை எடுத்துக் கொடுக்க?

"தலை" என்றார் இவர். சத்தமாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

டீன் கோட்டைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டான். முகம் செக்கச்செவேலென்று. "யோவ், ஒனக்குக் கொஞ்சமாவது இரக்கம் இருக்கா? என் புள்ள வாழ்க்கைய ஒரே வார்த்தைல முடிச்சுட்டியே! நீ வாங்காத அடியா? நான் வாங்கலையா? 'எந்திரி, ஆடு'ன்னு நீதான்யா எனக்குச் சொல்லிக் குடுத்த! ஒனக்கு என்ன ஆயிடுச்சு? நல்லாத்தானே நிக்கிற!"

எனக்கு வந்த கோபத்தில் புட்டியை அவன் மண்டையிலேயே போட்டிருப்பேன். இவர் என் கையைப் பிடித்தார்.

"நல்லா இல்ல டீன்" என்றார். "காலைல இங்க வர வழி தெரியல எனக்கு. இவதான் கூட்டிட்டு வந்தா. ஒம் மவன் பேரு இப்ப தெரியும், சாயங்காலம் தெரியுமான்னு தெரியல. முழங்கால் வலியெல்லாம் பொய். ஒனக்கு அப்படிச் சொல்லிக் குடுத்ததுக்கு நான் என்ன பண்ணுவேன், எனக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

இரண்டு அணிப் பையன்களும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். டீனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. பிறகு மகனின் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான்.

ஆட்டத்தை நாங்கள்தான் ஜெயித்தோம். ரீஸ் போட்ட அந்த ட்ரைதான் வித்தியாசம். ஜெயித்தால் பாடுகிற பாட்டை அன்று யாரும் பாடவில்லை.

மறுநாளே கிளப் செயலாளர் ஹில்டா வந்தாள். நல்ல பெண்தான், பாவம், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "சின்னப் பசங்க விஷயம் நெவ், விதிமுறைன்னு ஒண்ணு இருக்கு, நான் என்ன பண்ண" என்றாள். "எனக்குத் தெரியும் கண்ணு" என்று மைதானத்துச் சாவியை எடுத்துக் கொடுத்தார் இவர். அவள் போனதும் அடுப்படியில் வந்து உட்கார்ந்தவர், ராத்திரி சாப்பாடு வரை எழுந்திருக்கவே இல்லை. இதைத்தானே ஒரு குளிர்காலம் பூரா நான் பொய் சொல்லிச் சொல்லிக் காப்பாற்றி வைத்திருந்தேன்? ஒரு வார்த்தையில் போயிற்று. எனக்கு அவர் மேல் கோபமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. எதற்கும் தெம்புதான் இல்லை.

புதன்கிழமை வந்தது, போனது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பின்வாசல் கதவைத் தட்டினார்கள். ரீஸ். குல்லாயைப் புருவம் வரை இழுத்து விட்டிருந்தான். உள்ளே வந்து, இவருக்கு எதிரில் உட்கார்ந்தான். நான் கெட்டிலைப் போட்டேன்.

"அந்த எடத்த வேற ஒருத்தனுக்குக் குடுத்துட்டாங்க" என்றான்.

"ம்" என்றார் இவர்.

"அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொல்றாங்க. பாக்க மாட்டாங்க. அப்பாவுக்கே தெரியும்."

"ம்."

"ஒங்களாலதான்."

"ஆமா ராசா. என்னாலதான்."

பையன் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுதுவிடுவான் என்று நினைத்தேன், அழவில்லை. குல்லாயைக் கழற்றி மேஜை மேல் வைத்தான்.

"நெவ், பள்ளிக்கூடத்துல எல்லாரும் அந்த ட்ரையப் பத்தியேதான் பேசுறாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே தலையாட்டுறேன். ஆனா எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. பஸ்ல ஏறினது ஞாபகம் இருக்கு, அப்புறம் ஆஸ்பத்திரி. நடுவுல ஒண்ணும் இல்ல. நான் போட்டதுலயே பெரிய ட்ரைங்கறாங்க. நீங்கதான் கோட்டுக்குப் பக்கத்துல நின்னீங்க. எப்படிப் போட்டேன்னு சொல்லுங்களேன்."

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வாயைத் திறந்தார். மூடினார். கைகள் மேஜை மேல் எதையோ தேடுகிற மாதிரி நகர்ந்தன.

"பரவால்ல" என்றார். "பரவால்ல ராசா, நல்ல ட்ரை."

"எந்தப் பக்கம் நெவ்? வலதா, இடதா?"

இவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். பையன் அவரைப் பார்த்தான். புரிந்துகொண்டு, அவனும் என்னைப் பார்த்தான். இரண்டு முகத்திலும் ஒரே கேள்வி.

நான் கண்டது ஒரு குட்டி ஜன்னல் வழியாக, தேநீர் ஆவிக்கு நடுவே, மேலெல்லாம் மாட்டுச்சாறு கொட்டிக்கொண்டு. இந்த ஆட்டத்தை நான் ஒருநாளும் ஒழுங்காகப் பார்த்தவளில்லை. கெட்டிலை அணைத்துவிட்டு வந்து அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன்.

"இடது மூலை" என்றேன். "கொடிக்குப் பக்கத்துல."

"அப்படிச் சொன்னா பத்தாது லொரெய்ன்" என்றார் இவர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "மொதல்லேருந்து சொல்லு. நானும் கேக்குறேன்."

சொன்னேன்.