ஓஸ்தி அறையில் ஒரு பச்சைக் காலம்

பூசையில் நற்கருணையாகக் கொடுக்கும் வட்ட அப்பத்தை நாங்கள் ஓஸ்தி என்போம். திருகோணமலைப் பட்டினத்தில் ஒரு கன்னியர் மடத்தின் பின்பக்கத்து அறையில் அதைச் சுட்டு, வெட்டி, டின்னில் அடைத்து மாவட்டத்துக் கோயில்களுக்கு அனுப்பினோம். இருபத்தெட்டு வருடம் அந்த வேலை பார்த்தேன். இப்போது அங்கே இருக்கிற பிள்ளைகள், "சண்டைக் காலத்தில எப்பிடியக்கா செய்தனீங்கள்?" என்று கேட்கிறார்கள். எல்லா வருடத்தையும் சொன்னால் அலுப்பாக இருக்கும். முதல் வருடத்தையும், அதன் முடிவாகப் பிறகு வந்த ஒரு நாளையும் மட்டும் எழுதுகிறேன்.

1. முதல் நாள்

நத்தாருக்கு முந்திய திருவருகைக்காலத்தின் முதல் திங்கட்கிழமை. எனக்கு இருபத்தாறு வயது. அதற்கு நான்கு மாதம் முன்பு எங்கள் ஒழுங்கையில் இராணுவச் சுற்றிவளைப்பு நடந்தது. ஆண்களை வரிசையாக நிறுத்தினார்கள். தலையில் சாக்கு மூடிய ஒருவன் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தான். அவன் தலையாட்டினால் அந்த ஆளை ஏற்றிவிடுவார்கள். என் தம்பி இராயப்புவின் முன்னால் தலை ஆடியது. தம்பி வயரிங் வேலை செய்தவன், வேறு ஒன்றுக்கும் போகாதவன்.

சாக்கு முகத்தை மறைத்தது, காலை மறைக்கவில்லை. இடது காலில் பெருவிரல் இல்லை. துறைமுகத்தில் சங்கிலி விழுந்து விரலை இழந்த சூசையை எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த மாதம் சூசையை யாரோ சுட்டுவிட்டார்கள். அவன் மனைவி திரேசம்மா மகளைத் தூக்கிக்கொண்டு மூதூர்ப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டாள். தம்பியைப் பிடித்த நாளிலிருந்து நான் நன்மை எடுக்கவில்லை, பூசையில் ஓஸ்தி வாங்கப் போகவில்லை. மனதில் வெறுப்போடு அதை வாங்கக்கூடாது. செத்தவனை வெறுப்பது முடிவில்லாத வேலை. அவன் வந்து மன்னிப்புக் கேட்கவும் மாட்டான்.

ஓஸ்தி அறையைப் பார்த்தவர் சிஸ்டர் கொன்சலாத்தா. யாழ்ப்பாணத்தவர். மெல்லிய உடம்பு, பெரிய குரல்.

"நீ நன்மை எடுக்கிறனியோ?" என்று கேட்டார்.

"இல்லை சிஸ்டர்."

"ஏன்?"

"ஒரு ஆளில கோவம்."

வேலை கிடைக்காது என்று நினைத்தேன். சிஸ்டர் தண்ணீர்க் குழாயைக் காட்டினார். "மாவுக்கு அது தெரியாது. கையைக் கழுவிப்போட்டு வா" என்றார்.

2. மாவும் அச்சும்

கோதுமை மா, தண்ணீர். வேறு ஒன்றும் இல்லை, உப்புக்கூட இல்லை. தோசை மாவை விடக் கொஞ்சம் தண்ணியாகக் கரைத்து, சூடான அச்சில் ஒரு கரண்டி ஊற்றி மூடினால் கடதாசி போல ஒரு தகடு வரும். அதை ஈரத்துணியில் பதப்படுத்தி, மறுநாள் கட்டரில் வெட்ட வேண்டும். பதம் கூடினால் சுருளும், குறைந்தால் நொறுங்கும். முதல் நாள் நான் சுட்டதில் பாதி கருகிவிட்டது.

கரண்ட் இல்லாத நாட்கள் அதிகம். அப்போது அலுமாரிக்கு மேலே கிடந்த பழைய இரும்பு அச்சை எடுத்துக் கரியில் வைப்போம். கண் எரியும். ஆனாலும் அந்த வாசனை இப்போதும் எனக்கு வேண்டும். மா சுடும் வாசனையும் கடல் காற்றும் சேர்ந்து வரும். வேறு எங்கும் நான் அதை மணந்ததில்லை.

மூதூர்க் கோயிலுக்கான டின்னை நான்தான் இறங்குதுறைக்குக் கொண்டுபோய் லோஞ்ச் படகில் ஏற்றுவேன். ஒருநாள் காவலில் நின்ற சிப்பாய் டின்னைத் திறக்கச் சொன்னான்.

"இது என்ன? பிஸ்கட்?"

விளங்கப்படுத்த எனக்குச் சிங்களம் போதாது. பையில் வெட்டுத்துண்டுகள் இருந்தன. ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மென்று பார்த்தான்.

"உப்பு இல்லை" என்றான், எனக்காக இரக்கப்பட்டவன் போல. டின்னை மூடித் தந்துவிட்டான். அதற்குப் பிறகு என்னைக் கண்டால் "உப்பு இல்லை" என்று சொல்லித்தான் விடுவான்.

நத்தார் வந்தது. ஆயிரக்கணக்கில் சுட்டோம். பாலன் பிறந்தால் மனம் இளகும் என்று அம்மா சொல்லியிருந்தார். நள்ளிரவுப் பூசையை ஊரடங்குச் சட்டத்தால் பின்னேரமே வைத்தார்கள். எல்லோரும் எழும்பி வரிசையில் போக, நான் வாங்குப் பலகையிலேயே உட்கார்ந்திருந்தேன். இருந்தவர்களைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் எங்கள் சனத்துக்கு உண்டு. பழகிவிட்டது.

3. திரேசம்மா

தவக்காலத்தின் நாலாம் கிழமை மூதூர்ப் பக்கம் ஷெல் விழ, லோஞ்சில் சனம் வந்தது. மடத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். இரண்டு நாள் கழித்து சிஸ்டர் ஒரு பெண்ணை ஓஸ்தி அறைக்குள் கூட்டி வந்தார். திரேசம்மா. என்னைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

நான் சிஸ்டரை வெளியே கூப்பிட்டுச் சொன்னேன். "அவவோட வேலை செய்ய எனக்கு ஏலாது சிஸ்டர்."

"ஏன் எண்டு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் கொண்டு வந்தனீங்களோ?"

"அவளுக்கு ஒரு பிள்ளை இருக்கு. இஞ்ச வேலையும் இருக்கு. பெரிய வியாழனுக்கு ரெண்டு கிழமைதான் இருக்கு. உனக்கு ஏலாதெண்டா நீ வீட்ட போகலாம். அவளை நான் அனுப்பமாட்டன்."

எனக்கு அழுகை வந்தது. வீட்டில் அம்மா மட்டும்தான், வேறு வருமானம் இல்லை. உள்ளே போனேன்.

ஓஸ்தி சுடுவது இரண்டு பேர் செய்யும் வேலை. ஒருவர் ஊற்ற, மற்றவர் எடுக்க வேண்டும். நான் ஊற்றினேன், அவள் எடுத்தாள். அவளுடன் நேரே பேசமாட்டேன். "சிஸ்டர், துணி காய்ஞ்சு போச்சுதாம் எண்டு சொல்லுங்கோ" என்பேன், அவள் ஒரு முழத் தூரத்தில் நிற்க. சிஸ்டரும் சலிக்காமல் அவளிடம் திரும்பிச் சொல்வார்.

பெரிய வெள்ளி போய், பாஸ்குப் பூசையும் வந்தது. அதையும் ஊரடங்குக்காகப் பின்னேரம் நாலு மணிக்கு வைத்தார்கள். வெயிலில் பாஸ்குத் திரியைக் கொளுத்தினார்கள், சுடர் கண்ணுக்கே தெரியவில்லை. இன்றைக்காவது எழும்புவேன் என்று நான் உண்மையாகவே நினைத்திருந்தேன். எழும்ப முடியவில்லை. உயிர்ப்புப் பண்டிகைக்கும் அசையாத மனம் இனி எதற்கு அசையும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

4. கச்சான் காற்று

பெந்தகோஸ்துக்குப் பிறகு பீடத்துத் துணி பச்சைக்கு மாறும். பொதுக்காலம். பெரிய பண்டிகை ஒன்றும் இல்லை, மாதக்கணக்கில் சும்மா ஞாயிறுகள்தான். அந்த மாதங்களில்தான் எங்கள் பக்கத்தில் கச்சான் அடிக்கும். காய்ந்த, சூடான காற்று. தகடுகள் கட்டரில் வைக்க முன்பே வெடிக்கும்.

அன்றைக்கு சிஸ்டர் காய்ச்சலில் படுத்திருந்தார். கதவு, யன்னல் எல்லாம் சாத்தியும் தகடுகள் நொறுங்கிக்கொண்டிருந்தன. எடுத்துச் சொல்ல நடுவில் ஆளில்லை. நான் வாயைத் திறந்தேன்.

"அந்தத் துணியை நனைச்சுத் தாங்கோ."

திரேசம்மா நனைத்துப் பிழிந்து தந்தாள். கையை உடனே எடுக்கவில்லை.

"உங்கட தம்பியைக் காட்டினது அவர்தான்" என்றாள்.

"தெரியும்."

"அவரை ஆமிக்காரர் மூண்டு நாள் வச்சு அடிச்சவங்கள். மூண்டாம் நாள் என்னையும் பிள்ளையையும் கொண்டு போய் அவருக்கு முன்னால இருத்தினவங்கள். அதுக்குப் பிறகுதான் அவர் ஓமெண்டவர். வீட்ட வந்து சாப்பிடேல்லை. உங்கட வீட்டுப் பக்கம் தலை வச்சுப் படுக்கவும் இல்லை."

நான் தகடுகளின் மேல் துணியை விரித்தேன்.

"நானும் அண்டைக்கிருந்து நன்மை எடுக்கேல்லை" என்றாள். "என்னைக் காப்பாத்தத்தானே உங்கட தம்பி போனவன்."

அப்போதுதான் எனக்குப் பட்டது. அத்தனை ஞாயிறும் கோயிலின் கடைசி வாங்கில் அவளும் எழும்பாமல்தான் இருந்திருக்கிறாள். நான் ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

கோபம் அன்றைக்குப் போகவில்லை. அன்றைக்கு எங்களுக்குள் கதை தொடங்கியது, அவ்வளவுதான். பிறகு அவள் மகளுக்குச் சளி என்றால் நான் கொத்தமல்லி கொண்டுபோவேன். நான் கொண்டுபோகும் மீன்குழம்பில் அவள் புளி போதாது என்பாள். எந்தக் கிழமையில் எனக்குள் அந்தக் கட்டு அவிழ்ந்தது என்று தெரியவில்லை. ஆவணி முடிய ஒரு சனிக்கிழமை குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மறுநாள் பெயரில்லாத ஒரு பச்சை ஞாயிறு. வரிசை எழும்பியபோது கடைசி வாங்குக்குப் போய், "வாங்கோ" என்றேன். திரேசம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

5. இராயப்பு

பிடித்துப் பதினாறு மாதம் கழித்து தம்பியை விட்டார்கள். இடது காது கேட்காமல் வந்தான். திரேசம்மாவுடன் நான் வேலை செய்வதை நானே சொன்னேன். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனான். அவள் சொன்னதையெல்லாம் அவனுக்குச் சொல்லி, மன்னிக்கச் சொல்லும்படி அம்மா என்னை நெருக்கினார். நடந்ததைச் சொன்னேன். மன்னிக்கச் சொல்லவில்லை. நத்தாரும் பாஸ்குவும் என்னை அசைக்காதபோது, நான் யார் அவனை அசைக்க? மூன்று வருடம் அவன் மடத்துப் பக்கம் வரவில்லை.

நாலாம் வருடம் ஒரு கச்சான் நாளில் கரண்ட் அச்சின் கொயில் எரிந்துவிட்டது. பட்டினத்தில் திருத்த ஆளில்லை. வீட்டில் சொன்னேன், தம்பியை வரச்சொல்லிக் கேட்கவில்லை. மறுநாள் காலை பத்து மணிபோல டெஸ்டரும் குறடும் எடுத்துக்கொண்டு இராயப்பு வாசலில் நின்றான். யாரையும் பார்க்காமல் அச்சைக் கழற்றத் தொடங்கினான். உள்ளே இருட்டு. திரேசம்மா டோர்ச்சை எடுத்து அவனது கேட்காத காதுப் பக்கம் பயந்து பயந்து பிடித்துக்கொண்டு நின்றாள். நான் மாக் கரைப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

இப்போது வேலை செய்யும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பண்டிகைகளுக்கு நிறையச் சுடுங்கள், ஆனால் பண்டிகையில் மனம் மாறவில்லை என்று பயந்து வேலையை விட்டுவிடாதீர்கள். என் மனம் மாறியது ஒரு பெயருமில்லாத கிழமைகளில், மாவும் தண்ணீரும் கலந்துகொண்டிருந்தபோது. மற்றவரின் காலத்தை நீங்கள் அவசரப்படுத்தவும் வேண்டாம்.

அன்றைக்கு இராயப்பு நிமிர்ந்து பார்க்காமலே சொன்னான்.

"அக்கா, லைற்றைக் கொஞ்சம் இஞ்சால பிடியுங்கோ."

அவன் எந்த அக்காவைச் சொன்னான் என்று எனக்குத் தெரியும். நான் கரண்டியை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.