மோரில் கரைத்த பெருங்காயம்

கோதுமை என் குடலுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லி, அல்வாவையும் பரோட்டாவையும் விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. உடம்பு தேறியும் அடிக்கடி வயிறு பொருமும். அப்போதெல்லாம் அம்மா மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுப்பாள். குடித்துவிட்டு, குற்றாலத்துச் சாரல் முகத்தில் விழ ஜன்னலோரம் படுத்திருப்பேன். மலை மேகத்துக்குள் போகும், வரும். பொருமல் மட்டும் போகாது.

ஒருநாள் தென்காசிக் கடையில் பெருங்காயம் வாங்கும்போது, "இது எப்படி அண்ணாச்சி இவ்வளவு கட்டியா நிக்குது?" என்று சும்மா கேட்டேன்.

"கோதுமை மாவு போட்டுத்தான பிசையுதாவ," என்றார் கடைக்காரர்.

வழியெல்லாம் யார்மேல் என்று தெரியாத கோபம். நனைந்து வந்து நின்ற என் முகத்தைப் பார்த்ததும், வயிறுதான் படுத்துகிறது என்று நினைத்து அம்மா மோர் தம்ளரை நீட்டினாள்.

வாங்கி, கடைசியாக ஒரு தடவை, ஒன்றும் சொல்லாமல் குடித்தேன்.