மூன்றாவது பிரதி

எண்பதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலில் ஒரு சிறிய மனநல மையத்தில் சமூகப் பணியாளராக இருந்தேன். செலவை ஏற்றிருந்த வெளிநாட்டுச் சங்கம் ஒரு விதி வைத்திருந்தது. துக்கம், கவலை என்று வருபவருக்கு ஆறு சந்திப்புதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் தீவிர மனநோய் என்று எழுதியிருக்க வேண்டும். ஒரு மனுஷி அழுது முடிக்க எத்தனை வாரம் ஆகும் என்று கடல் தாண்டி உட்கார்ந்து யாரோ முடிவு செய்வது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படி வந்த ஒருத்தி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, இங்கே ஒரு காப்பித் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் குடியிருந்தாள். மூத்த மகளுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை, பிள்ளைகளோடு அங்கேயே நின்றுவிட்டாள். தாய்க்குத் தூக்கம் போயிற்று. வியாழக்கிழமைகளில் வருவாள். நான்கு வாரம் வாயே திறக்கவில்லை. ஐந்தாவது வாரம் மகளின் பெயரைச் சொன்னாள். ஆறாவது வாரம்தான் அழுதாள். அத்தோடு எப்படி அனுப்புவது?

தீவிர மனநோய் என்று எழுதினேன். மாதம் ஒருமுறை வரும் டாக்டர் நான் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். இன்னும் ஒரு வருடம் கிடைத்தது. விதியை ஏமாற்றிவிட்டதில் எனக்கு ஏக சந்தோஷம்.

எங்கள் ஆபீசில் எதையும் கார்பன் வைத்து மூன்று பிரதி எடுப்போம். மூன்றாவது பிரதி தோட்ட நிர்வாகத்துக்கு, அதைக் காட்டினால்தான் அரைநாள் லீவு தருவார்கள். நோயின் பெயர் எழுதிய அந்தப் பிரதியையும் வழக்கம்போல மடித்து அவள் கையிலேயே கொடுத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத்தான் உறைத்திருக்க வேண்டும்.

மறுநாளே வந்து நின்றாள். பைத்தியத்திடம் செடி வெட்டும் கவாத்துக் கத்தியைக் கொடுக்க முடியாது என்று வேலையிலிருந்து பேரை வெட்டி, லயத்தையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். அவர்களோடு சண்டை போட்டுவிட்டு நேரே என்னிடம் வந்திருந்தாள்.

எழுதியது பொய் என்று ஒரு வரி கொடுத்தால் போதும். ஆனால் சங்கத்துக்குத் தெரிந்தால் மையத்தையே மூடிவிடுவார்கள். மற்றவர்கள் எங்கே போவார்கள்? என் வேலையும் போகும். அதையும் நினைத்தேன், மறைப்பானேன்.

"எனக்குப் பைத்தியமுன்னு எழுதுனது ஆருங்க மிஸ்?"

"டாக்டர்" என்றேன்.

அதுவரை இருந்த கோபம் அவள் முகத்திலிருந்து போய்விட்டது.

"டாக்டரய்யா எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்றாள். "மகளுக்கு ஒரு காயிதம் எழுதித் தாங்க மிஸ். புள்ளைகளக் கூட்டிக்கிட்டு என்னயப் பாக்க வர வேணாம், பயந்துரும்னு."

எழுதிக் கொடுத்தேன்.