பதினொரு கிலோமீற்றர், ஐந்து நாள்: கொட்டாஞ்சேனை பிடில் முகாமுக்குப் போய் வந்த கணக்கு

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை ஏறத்தாழ பதினொரு கிலோமீற்றர். இதையெல்லாம் பயணம் என்று எழுதுவதா என்று முதலில் தயங்கினேன். ஆனால் விடுமுறைக்கால இசை முகாமுக்குப் பெரியவர்கள் போகலாமா, எப்படிப் போவது, என்ன செலவாகும் என்று தேடியபோது தமிழில் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. என்னைப்போல் தேடும் யாருக்காவது இது உதவட்டும்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பது வயதில் தொடங்கி பதினான்கு ஆண்டுகள் கர்நாடக வயலின் படித்தவள் நான். பல்கலைக்கழகம், வேலை என்று இடையில் குறைந்தாலும் வாரத்தில் மூன்று நாளாவது எடுத்து வாசிப்பேன். சென்ற ஆண்டு முழங்கால் சவ்வு தேய்ந்துவிட்டது என்றும், இனி சப்பாணி கட்டி நிலத்தில் இருக்கக்கூடாது என்றும் வைத்தியர் சொன்னார். கர்நாடக முறையில் வயலினின் தலை வலது கணுக்காலில் ஊன்றி நிற்கும். கால் மடங்காவிட்டால் வயலினுக்கு இருப்பிடம் இல்லை. நாற்காலியில் இருந்து இரண்டு மாதம் முயன்றேன். கமகம் பிடிக்க இடது கையை நகர்த்தும்போதெல்லாம் வயலினும் கூடவே வழுக்கி வந்தது. பெட்டியை மூடி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன்.

ஜூலையில் தம்பியின் மனைவி தொலைபேசியில் அழைத்தாள்.

"மச்சாள், நீங்கள் இப்ப வாசிக்கிறேல்லைத்தானே? சும்மா கிடக்கிற வயலினைப் பிள்ளைக்குத் தாங்கோவன். வகுப்புக்குச் சேர்த்திட்டன்."

நியாயமான கேள்விதான். பிள்ளைக்கு ஒன்பது வயது. ஆகஸ்ட் முடிவதற்குள் சொல்கிறேன் என்றேன். மேற்கத்திய முறையில், தாடைக்குக் கீழே வைத்துப் பிடிக்க என்னால் பழக முடிந்தால் வயலின் என்னிடம் இருக்கும். முடியாவிட்டால் பிள்ளைக்குப் போகும். இதைச் சோதித்துப் பார்க்கத்தான் முகாமுக்குப் போனேன்.

விளம்பரம் ஒரு வெதுப்பகத்தின் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. "ஐந்து நாள், நான்கு பாணி, எந்த வயதும்." இரசாயன ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள் நான். அங்கே யாராவது இப்படி வாக்குக் கொடுத்தால் மாதிரியைத் திரும்பப் பரிசோதிக்கச் சொல்வேன். கட்டணம் 12,000 ரூபாய், மதியச் சாப்பாடு உட்பட. செவ்வாய் முதல் சனி வரை, காலை ஒன்பதிலிருந்து பிற்பகல் மூன்றரை வரை. சனிக்கிழமை மாலை மட்டும் நான்கு மணிக்கு ஆட்டம்; அதற்கு முகாமில் இருப்பவர்களே வாசிக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை 7.25க்கு காலி வீதியில் மட்டக்குளி செல்லும் 155ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினேன். கட்டணம் 90 ரூபாய். வயலின் பெட்டியை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டால் ஒரு இருக்கை போதும். நகர மண்டபம் வரை சுகம். மருதானையில் இருபது நிமிடம் நகரவில்லை. கொட்டாஞ்சேனையில் இறங்கியபோது 8.50. அங்கிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு தேவாலயத்தின் பின்பக்க மண்டபம். மின்விசிறிகள் ஆறு, சுழன்றவை நான்கு.

ஆசிரியை மெலனிக்கு முப்பத்திரண்டு வயதிருக்கும். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். கல்யாண வீடுகளுக்கு வாசிக்கும் குழு ஒன்றை நடத்துகிறார். பதினெட்டுப் பேர் வந்திருந்தோம், பதினாறு பேர் பள்ளிப் பிள்ளைகள். மற்றப் பெரியவர் ரிஸ்வான், புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் லிகிதராக இருப்பவர். நீதிமன்ற விடுமுறை என்பதால் வந்திருந்தார். பழைய ஹிந்திப் பாட்டுகளைக் காதால் கேட்டே வாசிப்பவர்.

"மிஸ் நோட் எல்லாம் வாசிப்பீங்க போல," என்றார் என் கொப்பியைப் பார்த்து. "எனக்கு அது ஏலா. கேட்டா கை தன்பாட்டில போகும்."

"நான் எழுதாட்டி மறந்திடுவன்," என்றேன்.

பதினொரு மணி வரை வயலின் பெட்டிகளைத் திறக்கவே விடவில்லை. கபிரிஞ்ஞாவுக்கு ஆட வேண்டும் என்றார் மெலனி. போர்த்துக்கேயர் காலத்திலிருந்து இங்கே தங்கிவிட்ட ஆட்ட இசை அது. ஆறு எண்ணிக்கையில் துள்ளி ஓடும். ஆடத் தெரியாதவர் அதை வாசிக்க முடியாது என்பது அவருடைய கொள்கை. முழங்காலைச் சொல்லி ஒதுங்கப் பார்த்தேன்.

"கால் ஏலாட்டி கையைத் தட்டுங்க அக்கா. இருந்துக்கொண்டே தட்டலாம். ஆனா பாத்துக்கொண்டு மட்டும் இருக்கக்கூடாது."

முகாமின் நடைமுறை இதுதான்: பாதிப் பேர் வாசிக்கும்போது மறு பாதி ஆடும். வாசிப்பவர் பிழைவிட்டால் பரவாயில்லை. நிறுத்தினால்தான் குற்றம். யாரால் ஆட்டம் நின்றதோ அவர் அன்று எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்ற வேண்டும். எனக்குப் பழக்கம் நேர்மாறானது. பிழை விட்ட இடத்தில் வில்லை எடுத்து, முதலிலிருந்து தொடங்கித்தான் நான் படித்தேன். முதல் மூன்று நாளும் தேநீர் ஊற்றியது நான்தான். ஒரு நாள் ரிஸ்வான் கோப்பையை நீட்டிக்கொண்டு, "நாளைக்குச் சீனியைக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்க மிஸ்," என்றார். நாளைக்கும் நான்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

கருவியும் ஒத்துழைக்கவில்லை. என் தந்திகள் ஸ-ப-ஸ-ப என்று இறக்கிக் கட்டியவை. இங்கே எல்லாரும் மேற்கத்திய சுருதி. முதல் நாளே ஏற்றப்போய் மெல்லிய தந்தி அறுந்தது. மெலனியிடம் உதிரித் தந்தி இருந்தது, 650 ரூபாய். நின்று வாசித்தால் அரை மணியில் முழங்கால் நொந்தது. கைப்பிடி இல்லாத நாற்காலியின் விளிம்பில் இருக்கச் சொன்னார். தாடை வலித்தது. வயலின் விழுந்துவிடும் என்ற பயத்தில் இடது கையால் அதன் கழுத்தை இறுக்கிப் பிடித்தேன். பிடித்த கை சுரத்துக்கு நகரவில்லை.

"அது விழாது அக்கா. நீங்க விடுங்க."

"விட்டால் விழும்."

"விட்டுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. பாட்டன் காலத்துக் கருவி இல்லைதான். ஆனாலும் சிமெந்துத் தரை.

நான்கு பாணி என்று சொன்னதில் செவ்வாயும் புதனும் கபிரிஞ்ஞா, வியாழன் அயர்லாந்து ஆட்ட மெட்டு ஒன்று, வெள்ளி காலை ஹிந்திப் பாட்டு, பிற்பகல் ஏதோ அமெரிக்க கிராமிய வில்வீச்சு. கடைசி இரண்டும் கண்ணில் காட்டியதோடு சரி. அயர்லாந்து மெட்டு எனக்குப் பிடித்தது. ஒரே இரண்டு வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் வில் வேறு இடத்தில் அழுந்துகிறது. வில்லைப் பற்றி இவ்வளவு காலம் நான் யோசித்ததே குறைவு என்று தோன்றியது.

சிக்கல் கபிரிஞ்ஞாவில்தான். மூன்றாவது சுற்றில் மெட்டு அப்படியே வேறு சுருதிக்குத் தாவும்; பழைய மத்திமம் புதிய ஷட்ஜமாகிவிடும். சுருதிப் பெட்டியைப் போட்டால் அதை நிறுத்தும்வரை ஷட்ஜம் அசையாது என்று வளர்ந்த காது என்னுடையது. கொப்பியில் தெளிவாக எழுதி வைத்திருந்தும், அந்த இடம் வந்தால் கை பழைய ஸ-வையே தேடிப் போகும். பத்து வயதுப் பிள்ளைகள் சிறிய வயலின்களோடு சுலபமாகத் தாண்டிய இடத்தில் நான் வெள்ளிக்கிழமை வரை விழுந்துகொண்டிருந்தேன்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு மண்டபத்தில் முப்பது பேர் அளவில் ஆட வந்திருந்தார்கள். பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் குடும்பங்கள். ஞாயிறு உடுப்பைச் சனிக்கிழமையே போட்டிருந்தார்கள். மெலனி கிற்றார் வாசித்தார். பதினெட்டுப் பேரையும் மூன்று குழுவாகப் பிரித்திருந்தார்; எங்கள் குழுவில் ஆறு வயலின். நான் நாற்காலி விளிம்பில், ரிஸ்வான் எனக்கு வலப்பக்கம் நின்றார்.

"பயமா ஈக்கா மிஸ்?"

"ஓம்."

"எனக்கும்தான். கோட்டில ஜட்ஜுக்கு முன்னால நிக்கிற மாதிரி ஈக்கி. அங்கயாவது நான் வாய் துறக்கத் தேவல்ல."

முதலிரண்டு சுற்றும் சரியாகப் போயின. எனக்கு நேரே கடல்நீலச் சேலை கட்டிய ஒரு பெண்மணி கணவரோடு ஆடிக்கொண்டிருந்தார். அவருடைய செருப்பைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது சுற்று தாவியது. என் விரல் பழைய இடத்தில் விழுந்தது. பிசிறான ஒரு சுரம். அடுத்ததும் பிழை. அதற்கடுத்தது எதுவென்றே தெரியவில்லை. பதற்றத்தில் இடது கையை முழுவதுமாக எடுத்துவிட்டேன்.

வலது கை நிற்கவில்லை. அந்தச் செருப்பு ஆடிக்கொண்டிருந்ததால்தான் என்று நினைக்கிறேன். வில் தடித்த இரண்டு தந்திகளுக்குப் போய், விரல் வைக்காமலே ஆறு எண்ணிக்கையை அறுத்துக்கொண்டிருந்தது. புதிய சுருதிக்கு அந்த இரண்டு தந்தியும் ஷட்ஜமும் பஞ்சமமும். அதை நான் திட்டமிடவில்லை. பிறகுதான் யோசித்துக் கண்டுபிடித்தேன். ரிஸ்வான் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், வாசித்துக்கொண்டே. அப்போதுதான் கவனித்தேன்: என் இடது கை மடியில் கிடக்கிறது. வயலின் தாடைக்குக் கீழே அசையாமல் இருக்கிறது. ஒரு முழுச் சுற்று அப்படியே போனது. மெட்டு பழைய சுருதிக்கு இறங்கியதும் கையை எடுத்து வைத்துச் சேர்ந்துகொண்டேன்.

ஆட்டம் முடிந்ததும் மெலனி வந்தார்.

"அக்கா, அந்த மூணாவது சுத்தில என்ன செஞ்சீங்க?"

"இடம் தெரியாமல் போச்சுது. சும்மா தந்தியை இழுத்தனான்."

"நல்லாத்தான் கேட்டிச்சு," என்றவர், "ஆனா அது மெட்டு இல்ல. வீட்ட போய்ப் படிங்க," என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகவே அவரை நம்பலாம் என்று தோன்றியது.

ஆறரை மணிக்கு முச்சக்கரவண்டியில் திரும்பினேன்; செயலியில் 1,040 ரூபாய் காட்டியது, 47 நிமிடம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விடயங்கள். காலையில் பஸ் போதும், ஆனால் 7.30க்கு முன் ஏறிவிடுங்கள். இசைக்கருவியோடு திரும்பும்போது மாலை நெரிசலில் பஸ்ஸை நம்ப வேண்டாம். ஒரு உதிரித் தந்தித் தொகுதி, ஒரு துவாய், தண்ணீர்ப் போத்தல் அவசியம். மரக்கறிச் சாப்பாடு வேண்டுமென்றால் முதல் நாள் காலையிலேயே சொல்ல வேண்டும். நான் சொல்லாமல் விட்டதால் செவ்வாயன்று சோறும் பருப்பும் மட்டும் சாப்பிட்டேன். கர்நாடக முறையில் படித்தவர்கள் இரண்டு வாரம் முன்னதாகவே மேற்கத்திய சுருதிக்கு மாற்றிக் கை பழக்கிக்கொண்டு போவது நல்லது. ஐந்து நாளில் நான்கு பாணி வராது. எனக்கு ஒன்றே முக்கால் மெட்டு வந்தது. விலை அதிகமா என்று கேட்டால், இல்லை.

ஞாயிறு காலை வர்ணம் ஒன்றை நாற்காலியில் இருந்து, தாடையில் பிடித்து வாசித்துப் பார்த்தேன். முதற்காலம் தடுமாறித் தடுமாறி வந்தது. இரண்டாம் காலம் வரவில்லை. கமகங்கள் பாதி செத்துவிட்டன. அவை திரும்ப ஒரு வருடமாவது ஆகும், முழுதாகத் திரும்பாமலும் போகலாம். வயலின் வழுக்கவில்லை. திங்கட்கிழமை தோளுக்கு வைக்கும் தாங்கி ஒன்று வாங்கினேன், 3,800 ரூபாய்.

அன்று மாலை தம்பியின் மனைவிக்குச் செய்தி அனுப்பினேன். "பிள்ளையின்ர கைக்கு முழு வயலின் பெரிசு. முக்கால் அளவுதான் பொருந்தும், முகாமில பாத்தனான். சனிக்கிழமை கடைக்கு நானும் வாறன், நல்லதாப் பாத்து எடுப்பம். என்ரயை நான் வைச்சிருக்கிறன்."